சின்ன ரோந்துக் கப்பலில் ஏவுகணை வைத்தால் என்ன கெட்டுவிடும்?

நெய்தல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு படம் ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2022-இல் கருங்கடலில் எடுத்தது. ரஷ்யாவின் 22160 வகை ரோந்துக் கப்பல் ஒன்றின் ஹெலிகாப்டர் தளத்தில், தரைப்படை பயன்படுத்தும் டோர் விமான எதிர்ப்பு ஏவுகணை அமைப்பைத் தூக்கி வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கப்பல் 94 மீட்டர் நீளம், 1,700 டன் எடை. 2018 கடைசியில்தான் இந்த வகையின் முதல் கப்பல் சேவைக்கு வந்தது. புத்தம் புதுக் கப்பலில் முன்னால் ஒரு 76 மி.மீ. பீரங்கி, சில இயந்திரத் துப்பாக்கிகள், தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள், அவ்வளவுதான். சண்டை வந்ததும் சங்கிலியைத் தேடி ஓடியிருக்கிறார்கள்.

இது ரஷ்யாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை போலிருக்கிறது. பிரிட்டனின் ரிவர் வகை இரண்டாம் தொகுதிக் கப்பல்கள் 90 மீட்டர் நீளம். ஆயுதம் என்று பார்த்தால் ஒரே ஒரு 30 மி.மீ. துப்பாக்கிதான் முக்கியம். நம் கடற்படையின் சரயு வகை 105 மீட்டர். ஒரு 76 மி.மீ. பீரங்கி, நெருக்கத்தில் படுவேகமாகச் சுடும் ஏகே-630 துப்பாக்கி இரண்டு, ஏவுகணை கிடையாது. ஆனால் இஸ்ரேலின் சார் 5 கப்பல் 86 மீட்டர்கூட இல்லை. அதில் பராக் விமான எதிர்ப்பு ஏவுகணை, ஹார்பூன் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கிறது. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?

"பட்ஜெட்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பொறியியல் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரைக்காவல் எழுதியது:

பட்ஜெட் என்று சொல்ல வந்தவன்தான் நான். தடுத்துவிட்டீர்கள்.

சரி, வேறு மாதிரி சொல்கிறேன். நான் கடலோரக் காவல் படையில் இருந்தவன். ரோந்துக் கப்பலின் ஒரு நாள் எப்படி இருக்கும் தெரியுமா? விடியற்காலையில் ஒரு படகைச் சந்தேகப்பட்டு நிறுத்துவோம். ரப்பர் படகை இறக்கி நாலு பேர் போய்க் காகிதத்தையும் ஐஸ் பெட்டியையும் பார்த்துவிட்டு வருவார்கள். மதியம் ஒரு மீனவருக்கு நெஞ்சுவலி என்று செய்தி வரும், அங்கே ஓட வேண்டும். இப்படியே வாரக்கணக்கில். 2024 ஜனவரியில் ஐஎன்எஸ் சுமித்ரா சோமாலியாவுக்குக் கிழக்கே என்ன செய்தது என்று பாருங்கள். இமான், அல் நயீமி என்று இரண்டு ஈரானிய மீன்பிடிப் படகுகளைக் கொள்ளையர்களிடமிருந்து அடுத்தடுத்து மீட்டது. இரண்டாவது படகில் 19 பாகிஸ்தானியர்கள். அந்த வேலைக்கு வேண்டியது ஒரு ஹெலிகாப்டர், இரண்டு நல்ல படகுகள், கமாண்டோக்கள், முன்னால் பயம் காட்ட ஒரு பீரங்கி. ஏவுகணை இருந்திருந்தால் அது பாட்டுக்குப் பெட்டிக்குள் தூங்கியிருக்கும்.

மீதியை எடைத்தாள் மேடம் வந்து சொல்வார்.

---

எடைத்தாள் எழுதியது:

வந்துவிட்டேன். தம்பி, நான் கிழக்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் எடைக்கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவள். கப்பலுக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ, கீல் என்ற அடித்தண்டிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உட்காருகிறது என்று எழுதி வைப்பதுதான் வேலை. அதனால் ஏவுகணை என்று யாராவது சொன்னால் அது எந்த டெக்கில் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆயுதம் விற்பவர்கள் தரும் வழவழப்பான தாளில் எடை என்று ஓர் எண் இருக்கும். ஃபாலங்ஸ் துப்பாக்கிக்குக் கிட்டத்தட்ட 6 டன். அந்த எண்ணை மட்டும் நம்பினால் தொலைந்தோம். துப்பாக்கிக்குக் கீழே டெக்கைப் பலப்படுத்த வேண்டும், தூண் கொடுக்க வேண்டும். மின் கேபிள், குளிர்நீர்க் குழாய், குண்டு வைக்கும் அறை, அந்த அறைக்குத் தீயணைப்பு நீர்த்தெளிப்பு, இயக்குபவர் உட்கார ஒரு கன்சோல், கன்சோல் சூடாகாமலிருக்க ஏசி. எல்லாம் ஏறி முடியும்போது எண் எங்கேயோ போய் நிற்கும். எல்லாமே உயரத்தில் இருக்க வேண்டியவை என்பதுதான் வினை. துப்பாக்கிக்கும் ரேடாருக்கும் சுற்றிலும் பார்வை வேண்டும், கீழே இறக்க முடியாது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1,800 டன் கப்பல். அதில் 15 டன்னை, கப்பலின் ஈர்ப்பு மையத்துக்கு 9 மீட்டர் மேலே வைக்கிறோம். 15-ஐ 9-ஆல் பெருக்கி 1,815-ஆல் வகுத்தால் ஈர்ப்பு மையம் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மேலே ஏறும். "ஏழு சென்டிமீட்டர்தானே?" என்று என்னிடம் கேட்ட மேலதிகாரிகள் உண்டு. கப்பல் சாய்ந்தால் திரும்பி நிமிர்கிற சக்தியை அளக்கும் ஜிஎம் உயரமே இந்த அளவுக் கப்பலில் ஒரு மீட்டருக்கு முன்னே பின்னேதான் இருக்கும். அடிபட்டு இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்த நிலையில் அதுவும் சுருங்கிவிடும். முப்பது வருடம் ஓடப்போகும் கப்பலில், பின்னால் ஏறப்போகும் எடைக்கென்று முதலிலேயே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்போம். அந்த ஒதுக்கீட்டில் பெரும்பகுதியை இந்த ஒரு பொருளே தின்றுவிடும்.

"அப்படியானால் கப்பலை அகலமாக்கு" என்பார்கள். ஆக்கலாம். அகலம் கூடினால் ஜிஎம் கூடும், கப்பல் விறைப்பாகிவிடும். மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வதற்குப் பதில் வெடுக்கென்று சாய்ந்து வெடுக்கென்று நிமிரும். மாலுமிகள் வாந்தி எடுப்பார்கள். ஹெலிகாப்டர் இறங்குகிறவனுக்குத் தளம் நிற்காது. எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

எடைக் கணக்கின் உண்மை வெளிவருகிற நாள் ஒன்று உண்டு: இன்க்ளைனிங் டெஸ்ட். காற்றில்லாத காலையாகப் பார்த்துக் கப்பலைத் தண்ணீரில் தளர்வாகக் கட்டி, தெரிந்த எடைக் கட்டிகளை டெக்கில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவோம். உள்ளே மேல் டெக்கிலிருந்து நீளமான கம்பியில் ஒரு தூக்குக்குண்டு தொங்கும். அது ஆடாமலிருக்க அதன் நுனி எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு மர அளவுகோல். கப்பலில் இருக்கும் ஆட்கள் சாக்பீஸில் வரைந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, டீ கொண்டுவருபவர்கூட. கம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று படித்து, கப்பலின் உண்மையான ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுவோம். என் அனுபவத்தில் அது தாளில் இருந்ததைவிடக் கீழே வந்ததாக நினைவே இல்லை. கூடுதல் பெயின்ட், நீளமாக விட்ட கேபிள், யாரோ கேட்டு யாரோ வைத்த அலமாரி, எல்லாம் சேர்ந்து மேலே ஏற்றியிருக்கும். போர்க்கப்பலில் இதைத் தாங்க இடம் இருக்கும். வணிகக் கப்பல் தரத்தில், குறைந்த விலையில் கட்டும் ரோந்துக் கப்பலில் அவ்வளவு இருக்காது. நியூசிலாந்தின் ஒட்டாகோ, வெலிங்டன் என்ற இரண்டு ரோந்துக் கப்பல்களும் கட்டி முடிக்கும்போதே எடை கூடிப்போனவை. அதில் பெரிய ஆயுதம் எதுவும் கிடையாது, வெறும் 25 மி.மீ. துப்பாக்கி!

எடை ஒரு பக்கம். அடுத்தது கண். பூமி உருண்டையாக இருப்பதால் ரேடாருக்கு ஒரு எல்லை உண்டு. ரேடார் 16 மீட்டர் உயரத்திலும், அலையை உரசி வரும் ஏவுகணை 4 மீட்டர் உயரத்திலும் இருந்தால் சுமார் 25 கிலோமீட்டரில்தான் முதன்முதலில் தெரியும். ஒலிக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில், விநாடிக்கு 300 மீட்டர் என்று வைத்தால், வந்து மோத 80 விநாடி. அதற்குள் இது பறவையா, அலையா, நம் ஹெலிகாப்டரா என்று முடிவு பண்ணி, குறிபார்த்துச் சுட வேண்டும். வழக்கமான ரோந்துக் கப்பலின் மேற்பரப்பு ரேடார் படகைப் பிடிக்க வைத்தது, உயரத்தைச் சொல்லாது. ஆக ஏவுகணை வாங்குகிறவர் அதற்கேற்ற ரேடாரும், இரண்டையும் இணைக்கும் கணினியும் வாங்கியாக வேண்டும். ரேடாரை இன்னும் உயரத்தில் வைத்தால் இன்னும் தூரம் தெரியும். ஆனால் உயரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஆள். இந்த அமைப்பை 24 மணி நேரமும் விழித்த கண்ணோடு வைத்திருக்க மூன்று முறை மாற்று ஆட்கள், பழுது பார்க்க ஒருவர், அவர்களுக்குப் படுக்கை, சாப்பாடு, குடிநீர். மொத்தம் ஐம்பது பேர் இருக்கும் கப்பலில் இது சின்ன விஷயமில்லை. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

இப்போது உங்கள் டோர் படத்துக்கு வருவோம். அதைக் கட்டிய இடத்தைக் கவனியுங்கள். ஹெலிகாப்டர் தளம். அதாவது ஹெலிகாப்டர் என்ற, கப்பலின் மிக நீண்ட கண்ணைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் குட்டைக் கண் ஒன்றை வைத்திருக்கிறார்கள். டோரின் ரேடார் பின்பக்கம் நன்றாகப் பார்க்கும்; முன்பக்கம் கப்பலின் மேற்கட்டுமானமே மறைக்கும். கப்பலின் மற்றக் கருவிகளோடு அதற்குப் பேச்சுவார்த்தையும் கிடையாது. வசீலி பெக் என்ற மீட்பு இழுவைக் கப்பலிலும் இப்படித்தான் ஒரு டோரை ஏற்றியிருந்தார்கள். பாம்புத் தீவுக்குப் போகும் வழியில் 2022 ஜூன் 17 அன்று உக்ரைனின் ஹார்பூன் அடித்தது.

22160 வகையில் செர்கேய் கோதவ் என்ற கப்பல் 2024 மார்ச் 5 அன்று மூழ்கியது. அது விமானத்தாலும் இல்லை, ஏவுகணையாலும் இல்லை. மகுரா என்ற ஆளில்லாப் படகுகள் நீர்மட்டத்தில் வந்து விலாவில் மோதின. வானத்தைப் பார்த்துக் கட்டிய சங்கிலி எல்லாம் அங்கே என்ன செய்யும்?

சார் 5 கேட்டீர்கள். அது ரோந்துக் கப்பல் இல்லை, சின்ன உடம்பில் அடைத்த போர்க்கப்பல். இஸ்ரேல் தன் கரையை விட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை, அதனால் தூரத்தையும் வசதியையும் விட்டுக்கொடுத்து ஆயுதம் ஏற்றினார்கள். சரயு 6,000 கடல் மைல் ஓட வேண்டிய கப்பல். எரிபொருள் தொட்டிக்கு இடம் வேண்டாமா? அப்படி அடைத்தும் என்ன ஆனது? 2006 ஜூலை 14, லெபனான் கரைக்கு அருகே ஐஎன்எஸ் ஹனித் என்ற சார் 5 மீது சி-802 வகை ஏவுகணை விழுந்து நாலு மாலுமிகள் இறந்தார்கள். பராக் ஏவுகணை அந்தக் கப்பலில் இருந்தது. எதிராளியிடம் அப்படி ஓர் ஆயுதம் இருக்கும் என்று எதிர்பார்க்காததால் அதை இயங்கும் நிலையில் வைத்திருக்கவில்லை.

---

பில்ஜ்பம்ப் எழுதியது:

மேடம், கணக்கில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது 2023 வரைக்கும் சரி. நான் வணிகக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். செங்கடலில் ஹூதிகள் அடிக்க ஆரம்பித்ததும் எங்களைச் சூயஸ் பக்கமே விடவில்லை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனோம். எஞ்சின் அறையில் இருப்பவனுக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது, சத்தம் கேட்டால்தான் தெரியும். அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகவே படித்துக்கொண்டு வருகிறேன்.

முன்பெல்லாம் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை வைத்திருப்பவன் ஒரு நாடு. ரோந்துக் கப்பலை அவன் வாசலுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும். இப்போது புல் வெட்டும் இயந்திரம் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரும் ட்ரோன் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கிறது. கொள்ளையரைப் பிடிக்கப் போன கப்பல் மீதே அது வரலாம். "இது ரோந்துக் கப்பல், என்னை அடிக்காதே" என்று போர்டு மாட்ட முடியுமா?

இன்னொன்று, துப்பாக்கி போதும் என்று முடிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஃபாக்லாந்து போரில் ஆல்ஃபெரெஸ் சொப்ரால் என்ற அர்ஜென்டினாக் கப்பலுக்கு என்ன ஆனது? பழைய இழுவைக் கப்பல், 40 மி.மீ., 20 மி.மீ. துப்பாக்கிகள் இருந்தன. 1982 மே 3, இருட்டில் பிரிட்டிஷ் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்கள் தூரத்தில் நின்று சீ ஸ்குவா ஏவுகணையை விட்டன. கப்பலை ஓட்டும் மேல் அறை நொறுங்கி, கேப்டனோடு சேர்த்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1991-இல் குவைத்துக்குப் பக்கத்தில் ஈராக்கின் ரோந்துப் படகுகளையும் இதே லிங்க்ஸ், இதே சீ ஸ்குவா வரிசையாக முடித்தது. துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் ஹெலிகாப்டர் நின்றால் துப்பாக்கிக்காரன் என்ன செய்வான்? சிம்பாட்-ஆர்சி மாதிரி இரண்டு மிஸ்ட்ரால் விமான எதிர்ப்பு ஏவுகணை பிடிக்கும் சின்னத் தாங்கி இருக்கிறதே, பிலிப்பைன்ஸின் ஹோசே ரிசால் கப்பல்களில் வைத்திருக்கிறார்கள். டெக்கைக் கூட வெட்ட வேண்டாம். அதையாவது வைக்கலாமே?

---

எடைத்தாள் எழுதியது:

பில்ஜ்பம்ப் தம்பி, ட்ரோன் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் செங்கடலில் எது வேலை செய்தது என்பதையும் பாருங்கள். 2024 மார்ச் 2 அன்று இத்தாலியின் கயோ துயீலியோ என்ற போர்க்கப்பல் ஒரு ட்ரோனைச் சுமார் 6 கிலோமீட்டரில் வீழ்த்தியது, 76 மி.மீ. பீரங்கியால். அதற்குச் சில நாள் முன்பு ஜெர்மனியின் ஹெஸ்ஸன் ஒன்றை 76-ஆலும் இன்னொன்றை ராம் ஏவுகணையாலும் வீழ்த்தியது. ஹெஸ்ஸனே இன்னொரு நாள் எஸ்எம்-2 ஏவுகணை இரண்டை அமெரிக்காவின் சொந்த ட்ரோன் மீது தவறுதலாக ஏவியது. நல்லவேளையாக இரண்டும் படவில்லை. பெரிய ஏவுகணை, பெரிய ரேடார், அப்படியும் யார் நம்மவர் என்று தெரியாத குழப்பம் தீரவில்லை.

அந்த 76 சரயுவில் ஏற்கெனவே இருக்கிறது. நிமிடத்துக்கு 120 குண்டு. நான் செலவு பண்ணுவதாக இருந்தால் அதன் கண்ணுக்குத்தான் பண்ணுவேன். இரவிலும் பார்க்கும் வெப்பக் கேமராவும் லேசர் தூரமானியும் உள்ள குறிபார்க்கும் கருவி, உயரமும் சொல்லும் சின்ன முப்பரிமாண ரேடார், இலக்குக்குப் பக்கத்தில் போனதும் தானே வெடிக்கும் குண்டு. துப்பாக்கியின் எடை அப்படியே இருக்கும், அதன் பயன் மட்டும் கூடும். ஏகே-630 நெருக்கத்தில் பேய் மாதிரி சுடும், ஆனால் நிமிடத்துக்கு 5,000 வீதம் சுட்டால் அதன் 2,000 குண்டும் அரை நிமிடத்துக்குள் காலி. வரிசையாக ட்ரோன் வந்தால் நாலாவதுக்கு என்ன மிச்சமிருக்கும் என்று யோசியுங்கள். புதிதாகக் கட்டுவதென்றால் அந்த இடத்தில் போஃபோர்ஸ் 40 மி.மீ. துப்பாக்கியின் புது வகையை வைப்பேன். இரண்டரை டன்னுக்கும் குறைவு. குண்டு எந்த இடத்தில் வெடிக்க வேண்டும் என்று சுடும்போதே சொல்லிவிடலாம். விலாவில் வரும் ஆளில்லாப் படகுக்கும் அதே துப்பாக்கி ஆகும். செர்கேய் கோதவுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

குண்டின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் பேசுவதில்லை. டென்மார்க்கின் ஈவர் ஹுவிட்ஃபெல்ட் 2024 மார்ச்சில் நாலு ட்ரோன்களை வீழ்த்தியது. நடுவில் அரை மணி நேரம் அதன் ஏவுகணைகளை ஏவ முடியாமல் போனது, கணினியும் ரேடாரும் சரியாகப் பேசிக்கொள்ளாததால். 76 மி.மீ. குண்டுகளில் கிட்டத்தட்டப் பாதி, குழாயை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்திலேயே வெடித்தன. அந்தச் செய்தி மேலே போய்ச் சேராமல் இருந்தது வெளியே வந்து, நாட்டின் படைத் தலைவரே பதவி இழந்தார். 6,000 டன்னுக்கு மேற்பட்ட ஃப்ரிகேட் என்ற பெரிய போர்க்கப்பலுக்கே இந்தக் கதி.

சொப்ரால் உதாரணம் நியாயமானது. தூரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்குத் துப்பாக்கியால் பதில் சொல்ல முடியாது. ஆனால் மிஸ்ட்ராலாலும் முடியாது, தம்பி. சீ ஸ்குவா 15 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே வரும். மிஸ்ட்ரால் அதில் பாதி தூரம்தான் போகும். வருகிற ஏவுகணையை வேண்டுமானால் அடிக்கலாம், அதுவும் முன்கூட்டியே பார்த்தால். சிம்பாட் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கனம் குறைவு, காசும் பரவாயில்லை. ஆனால் அதை வைத்துவிட்டு "இனி எந்தக் கடலுக்கும் போகலாம்" என்று யாராவது உத்தரவு போட்டால் அங்கேதான் ஆபத்து. ஹெலிகாப்டரும் ஏவுகணையும் வைத்திருக்கும் நாட்டோடு சண்டை என்றால் ரோந்துக் கப்பல் அங்கே தனியாக இருக்கவே கூடாது.

இதை நேர்மையாகச் செய்தவர்கள் டச்சுக்காரர்கள் என்பேன். அவர்களுடைய ஹாலண்ட் வகை நாலு கப்பல்கள், 108 மீட்டர், 3,750 டன். ஃப்ரிகேட்டில் இருக்க வேண்டிய தரத்தில் ஒரு பெரிய ஒருங்கிணைந்த கோபுரம், நாலு பக்கமும் நிலையான ரேடார் பலகைகளோடு. ஆனால் விமான எதிர்ப்பு ஏவுகணை ஒன்றுகூட இல்லை. 76-உம் 30-உம் மட்டும். வேகம் மணிக்கு 21.5 கடல் மைல். அவ்வளவு எடையைக் கோபுரத்தில் வைத்ததும் கப்பல் பெருத்துவிட்டது, வேகம் போய்விட்டது. ஏன் இவ்வளவு நல்ல கண் வைத்து ஏவுகணை வைக்கவில்லை என்று கேட்பார்கள். கரீபியனில் போதைப்பொருள் படகைத் துரத்துவதற்கு வேண்டியது அந்தக் கண்தான். கண் இருந்தால் தப்பி ஓடவும் முடியும், தூரத்தில் இருக்கும் பெரிய கப்பலுக்குச் சொல்லவும் முடியும்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆஸ்திரேலியர்கள். அரஃபூரா வகை, 80 மீட்டர். முதலில் 40 மி.மீ. துப்பாக்கி என்றார்கள். அதை 2021-இல் ரத்து செய்துவிட்டு 25 மி.மீ. வைத்தார்கள். 12 கப்பல் என்று தொடங்கியதை 2024 பிப்ரவரியில் 6 ஆக வெட்டினார்கள்.

"பின்னால் வைத்துக்கொள்ளலாம், இடம் விட்டுவிடு" என்று இன்னொரு வழி உண்டு. என்னைக் கேட்டால் அது பாதிப் பொய். தாளில் 10 டன் ஒதுக்கி, அந்த இடத்தில் ஒரு மூடியும் போட்டுவிடுவோம். கப்பல் கடலுக்குப் போய்ச் சில வருடத்தில் திரும்பி வரும்போது அந்த இடத்தில் உடற்பயிற்சி சைக்கிள், கூடுதல் ஃப்ரீசர், உதிரி பாகப் பெட்டி எல்லாம் குடியிருக்கும். யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது, அங்கே வாழ்கிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் எடைத்தாளில் அந்த 10 டன் செலவாகியிருக்கும்.

---

கரைக்காவல் எழுதியது:

உடற்பயிற்சி சைக்கிள் உண்மை. சாட்சி நான்.

---

நெய்தல்வாசி எழுதியது:

அக்கா, பில்ஜ்பம்ப் அண்ணா, கரைக்காவல் சார், மூன்று பேருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. டென்மார்க்கின் ஃபிளூவஃபிஸ்கென் வகை 450 டன்தான், 54 மீட்டர். அதில் சீ ஸ்பாரோ ஏவுகணையே வைத்தார்களே? பெட்டி பெட்டியாக மாற்றிக்கொள்ளும் முறை. வேலைக்குத் தகுந்த மாதிரி பெட்டியை மாட்டிக்கொண்டு போவதுதானே புத்திசாலித்தனம்?

---

எடைத்தாள் எழுதியது:

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அழகான கப்பல்கள் அவை, பொறாமையாகவே இருக்கும். 3 மீட்டர் நீளம், 3.5 அகலம், 2.5 உயரம் கொண்ட ஒரே அளவுப் பெட்டி. முன்னால் ஒரு குழி, பின்னால் மூன்று. 76 பீரங்கி, ஹார்பூன், சீ ஸ்பாரோ, கடற்கண்ணி வெடி தேடும் கருவி, எது வேண்டுமோ அதை இறக்கலாம்.

ஏன் முடிந்தது என்று பாருங்கள். பின்னால் ஒட்டவைத்த யோசனை இல்லை அது, முதல் கோடு போடும்போதே பெட்டிகளைச் சுற்றித்தான் கப்பலை வரைந்தார்கள். குழி டெக்குக்குள் இறங்குகிறது, அதனால் எடை கீழே. உடம்பு இரும்பு இல்லை, கண்ணாடி இழை. எந்தப் பெட்டியில் எது போனாலும் கப்பல் நிமிர்ந்து நிற்கும் என்று எல்லாச் சேர்க்கைக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஹெலிகாப்டர் தளம் கிடையாது. பால்டிக் கடல் சின்னது, துறைமுகம் பக்கத்திலேயே. சரயு மாதிரி ஏடன் வளைகுடாவரை போய் வாரக்கணக்கில் நிற்க வேண்டிய கப்பல் இல்லை.

பெட்டியைக் கிரேன் வைத்து மாற்றுவதும் பெரிய விஷயமில்லை. சீ ஸ்பாரோ தெரிந்த ஆட்களையும் அதே கிரேனில் இறக்க முடியாதே. நாலு வகைப் பெட்டிக்கு நாலு வகை ஆட்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியில் வைத்திருக்க வேண்டும். கையிலிருக்கும் ஆட்களைப் பார்த்துத்தான் கடைசியில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

டென்மார்க் விலக்கிய பிறகு அதில் சிலவற்றை லித்துவேனியாவும் போர்ச்சுகலும் வாங்கின. போர்ச்சுகலில் தேஜு வகை என்று பெயர் மாற்றி, சீ ஸ்பாரோ பெட்டி இல்லாமல், சின்னத் துப்பாக்கிகளோடு கரையோர ரோந்துக்கு விட்டிருக்கிறார்கள்.